ஐயாவின் பெயரில் கிடந்த மூன்று ஏக்கர்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, மரணச் சான்றிதழையும் பழைய ரசீதுக் கட்டையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். காணியை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது அதை நினைக்கச் சிரிப்பு வருகிறது. காணிக் கிளையில் இருந்த தம்பி ஓரமெல்லாம் செல்லரித்த பெரிய பேரேடு ஒன்றை இழுத்துப் போட்டுத் தாள் தாளாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து நின்றார். "அக்கா, இதில உங்கட அம்மாட பேரே இல்லை. காணி இன்னும் ஐயாட பேரிலதான் கிடக்குது" என்றார். ஐயா என்றால் என் அப்பா. அவர் செத்தது 1982-இல். நான் அந்த மேசைக்கு முன்னால் நின்றது 2017-இல். இடையில் முப்பத்தைந்து வருசம் அந்த மூன்று ஏக்கரில் உழுததும் விதைத்ததும் தண்ணிக்குச் சண்டை பிடித்ததும் அம்மா. புத்தகத்தின்படி அவர் அங்கே காலே வைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் காணி என் பெயருக்கு வர ஆறு வருசம் ஆனது. மூன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. ஒரு அண்ணனும் போனார். சாகவில்லை, கதைப்பதில்லை. எங்களைப் போலக் குடியேற்றக் காணியில் இருக்கிற சனம் திருகோணமலை மாவட்டத்தில் நிறைய. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

ஐயாவும் அம்மாவும் தம்பலகாமத்துப் பக்கம் பிறந்தவர்கள். 1961-இல் அல்லை விஸ்தரிப்புத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலுக்கு அரசாங்கம் தரும் பெர்மிட் கிடைத்து, மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மகாவலியின் கிளையான வெருகலாற்றுத் தண்ணீர்தான் அந்தத் திட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. தண்ணீர் இருந்தது, வயல்தான் இல்லை. கொடுத்தது காடு. பாலையும் வீரையும் நின்ற காட்டை வெட்டி எரித்து, வேரைக் கிண்டி எடுத்து, எருமை விட்டு மிதித்து, வரம்பு கட்டி முதல் நெல்லைக் காண இரண்டு வருசம் ஆனது என்று அம்மா சொல்வார். பெரியண்ணா பிறந்தது அந்தக் காட்டுக் கொட்டிலில். யானைக்குப் பயந்து இரவெல்லாம் குற்றி எரித்த வெளிச்சத்தில் பிள்ளை பெற்றதாக அம்மா சொல்லும்போது, அதைப் பெரிய விசயமாகச் சொல்ல மாட்டார். அடுத்த வரியிலேயே அந்த வருசத்து மொட்டைக்கறுப்பன் நெல்லின் விளைச்சலைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

1982 மாசி மாதம் அறுவடை நேரம் ஐயாவைப் புடையன் பாம்பு கடித்தது. அறுத்துப் போட்ட உப்பட்டி தூக்கும்போது அடியில் கிடந்திருக்கிறது. விசகடிப் பரிகாரியிடம் கொண்டுபோய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு நாற்பது வயது. எட்டுப் பிள்ளைகள். மூத்தவருக்கு இருபது, கடைசித் தம்பிக்கு எட்டு மாதம், எனக்கு ஐந்து. அறுத்த கதிர் வயலில் கிடந்தது. எட்டாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் மழை பொறுக்குமா என்பதுதான் ஊரில் எல்லாருடைய கவலையும், அம்மாவுடையதும்.

எங்கள் பக்கத்தில் சூடு அடிக்கும் களவெட்டிக்குள் பெண்கள் போவதில்லை. போனால் பொலி குறையும் என்பார்கள். விதவை என்றால் கிட்டவும் விடமாட்டார்கள். ஆகவே பெரியண்ணா களத்தில் நின்றார், அம்மா வெளியே வரம்பில் குந்தியிருந்து, வெளியே போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு புளியங்கொட்டையைச் சீலைத் தலைப்பில் முடிந்தார். இரவு வீட்டில் எண்ணிப் பார்த்தால் அளந்தவர் சொன்ன கணக்குக்கும் கொட்டைக்கும் பன்னிரண்டு மூட்டை வித்தியாசம். அடுத்த போகம் அம்மா நேராகக் களத்துக்குள் நடந்தார். ஒரு பெரியவர் மறித்து, "பிள்ளை, பொம்பிளை உள்ள வந்தா பொலி குறைஞ்சு போகும்" என்றிருக்கிறார். "நான் உள்ள வராமலே பன்னிரண்டு மூட்டை குறைஞ்சு போச்சே அப்பு" என்று கேட்டாராம் அம்மா. அதன்பிறகு யாரும் மறிக்கவில்லை. மரியாதையாலா, வாயை வளர்த்துக்கொள்வானேன் என்றா, தெரியாது.

மழையில்லாத சிறுபோகத்தில்தான் அவர் பட்ட பாடு. தண்ணீர் முறை வைத்து விடுவார்கள், எங்கள் முறை பெரும்பாலும் நடுச்சாமத்தில் வரும். மேலே உள்ளவர்கள் எங்கள் வக்கடையை, வரம்பில் தண்ணீர் பாயும் வாயை, அடைத்துத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஆம்பிளை இல்லாத வயல்தானே. அம்மா லாம்பையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போவார். தம்பியைச் சீலையில் ஏணை கட்டி வரம்போரத்து மரத்தில் போட்டுவிட்டு, வக்கடை மேலேயே சாக்கை விரித்துப் படுப்பார். தண்ணீர் நின்றால் முதுகு காயும், உடனே விழிப்பு வந்துவிடும் என்பார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இன்றும் தண்ணிச் சத்தம் நின்றால் நித்திரை கலைகிறது.

சரி, காணிக் கதைக்கு வருகிறேன். 1984-இல் அம்மா மூதூரில் லாஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போயிருக்கிறார். கிண்ணியாப் பாலம் வந்தது 2009-இல்தான், அப்போதெல்லாம் அது ஒரு முழுநாள் வேலை. அங்கே யாரோ ஒருவர், "நீங்க பெண்சாதிதானே அம்மா, பயப்படாதேங்கோ, காணி உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எழுத்தில் ஒன்றும் தரவில்லை, பேரேட்டிலும் பதியவில்லை, அம்மாவுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஒரு வாய்ச்சொல்லை நம்பி முப்பத்து மூன்று வருசம் இருந்துவிட்டார். ஏக்கர் வரி ரசீது அவர் பெயரில் வந்தது, கமநல சேவை நிலையத்துப் பதிவில் செய்கைக்காரர் என்று அவர் பெயர் இருந்தது, உர மானியமும் அவர் பெயரில்தான். இதெல்லாம் இருந்தால் காணி நம்முடையது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. நீங்கள் அங்கே பயிர் செய்கிறீர்கள் என்பதற்கு மட்டும்தான் அவை சாட்சி. உரிமை பிரதேச செயலகத்துப் பேரேட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் காணிக்கு அந்தப் பக்கத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை போய்க் கண்ணால் பாருங்கள். முடிந்தால் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

இனிச் சொல்வதை நான் அறிந்துகொள்ளவே ஒன்றரை வருசம் போனது. எங்கள் காணி 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே தனக்குப் பின் யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமித்துப் பதிய வேண்டும். செத்தபிறகு பதிந்தால் செல்லாது. ஐயா யாரையும் நியமிக்கவில்லை. நாற்பது வயதுக்காரர், சாவை யார் நினைத்தார்? அப்படி நியமிக்காமல் போனாலும் மனைவிக்கு உரிமை உண்டு, ஆனால் அது அவர் சீவிய காலத்துக்கு மட்டும். புருசன் இறந்து ஆறு மாதத்துக்குள் காணியைக் கையேற்றிருக்க வேண்டும். அவர் அதை விற்க முடியாது, மறுமணம் செய்தால் போய்விடும், தனக்குப் பின் இன்னாருக்கு என்று எழுதிவைக்கவும் முடியாது. ஐயா உயிரோடு இருக்கும்போது ஒரு பத்திரத்தில் அம்மாவின் பெயரை எழுதிப் பதிந்திருந்தால், மறுமணம் செய்தால் போய்விடும், தனக்குப் பின் யாரையும் நியமிக்க முடியாது என்ற கட்டுப்பாடுகள் அவருக்கு இருந்திருக்காது. புருசன் பெயரில் பெர்மிட் உள்ள பெண்கள் இந்த ஒரு விசயத்தை மட்டும் இன்றிரவே அவரிடம் கதையுங்கள். "நான் சாகவேணும் எண்டு பாக்கிறியா" என்று கோபிப்பார். கோபிக்கட்டும்.

அம்மா 2014-இல் ஒரு நொத்தாரிசிடம் போய், தன்னோடு வயலில் நின்ற மகளுக்கு, அதாவது எனக்கு, காணியை எழுதிவைத்தார். எட்டாயிரம் ரூபாய். சிவப்பு முத்திரையெல்லாம் குத்திய அழகான கடதாசி. அதைத்தான் நான் முதல்நாள் பெருமையாக நீட்டினேன். கிளார்க் தம்பி முழுவதையும் பொறுமையாக வாசித்துவிட்டு, "இப்பிடி நியமிக்க அம்மாக்கு அதிகாரம் இல்லையே அக்கா" என்று திருப்பித் தந்தார். அன்று பஸ்ஸில் வரும்போது அழுதது காணிக்காக இல்லை. அந்த எட்டாயிரத்தைச் சேர்க்க அம்மா கோழி விற்றவர்.

அப்படியானால் யாருக்குப் போகும்? பழைய சட்டத்தின் அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை, அதிலும் மூத்தவருக்கு. எங்கள் பெரியண்ணா 1985-இல் யுத்தத்தில் ஊர் எரிந்த பிறகு வெளிநாடு போனவர், இப்போது கனடாவில். அடுத்த ஆண் சின்னண்ணா. 1990-இல் ஒருநாள் விடியக் கடைக்குப் போகிறேன் என்று போனவர்தான். மூன்றாவது அண்ணா திருகோணமலை டவுனில் கடை வைத்திருக்கிறார். கடைசித் தம்பி மட்டக்களப்பில். எனக்கு மூன்று அக்காமாரும் உண்டு. ஏழாவதாகப் பிறந்த நான் இந்த வரிசையில் எங்கே நிற்கிறேன் பாருங்கள். காணியைத் துண்டு போடவும் விடமாட்டார்கள், முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் தங்களுக்கு வேண்டாம் என்று சத்தியக்கடதாசி தந்தால்தான் என் பெயர் மேலே வரும்.

பெரியண்ணா போனில் உடனே சரி என்றார். ஆனால் போனில் சொன்ன சரியை யாரும் ஏற்கமாட்டார்கள். அவர் வாட்ஸப்பில் அனுப்பிய கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு மூன்று முறை அலைந்தேன். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி மூலப்பிரதியைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பதை நாலாவது முறைதான் சொன்னார்கள். எட்டு மாதம். வெளிநாட்டில் சகோதரம் உள்ளவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

சின்னண்ணாவின் விசயம்தான் என்னை முறித்தது. அவர் வேண்டாம் என்று எழுதித்தர ஆள் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் இலேசாக முடிந்துவிடும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அம்மா சாகும்வரை அப்படி எடுக்கச் சம்மதித்ததில்லை. ஒவ்வொரு வருசமும் முதல் உலையில் போட அளக்கும் புத்தரிசியில், பிள்ளைக்கு ஒரு பிடியாக, சின்னண்ணாவையும் சேர்த்து எட்டாவது பிடியும் அளந்துதான் வைப்பார். அதை நான் எப்படி மாற்றுவது? 2016-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம் என்று நீதிமன்றத்துக்குப் பக்கத்திலிருந்த சட்ட உதவி ஆணைக்குழுவில் சொன்னார்கள். காசு வாங்கவில்லை. அதை எடுத்தேன். படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது அம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலவே இருந்தது.

மூன்றாவது அண்ணா மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "நானும் அந்த வயலில மாடு ஓட்டினவன்தானே. நீ மட்டும்தான் பிள்ளையா?" என்று கேட்டார். 1986 சித்திரையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து தம்பலகாமத்து மாமாக்களின் வயலெல்லாம் வெள்ளத்தில் போனபிறகு, எங்களுக்கு அவர்கள் தந்துகொண்டிருந்த விதைநெல்லும் நின்றது. அப்போது படிப்பை விட்டுவிட்டுக் கூலி உழவுக்குப் போனவர் இவர்தான். அது உண்மை. ஆனால் காணியைக் குத்தகைக்காரர் ஒருவருக்கு விடத் திட்டம் வைத்திருந்தார். அதுவும் உண்மை.

இதற்கிடையில் எங்கள் கடதாசிகளே ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. அம்மாவின் பெயர் ஒரு பத்திரத்தில் பிள்ளை என்று முடிகிறது, இன்னொன்றில் அம்மா என்று முடிகிறது. ஐயாவின் பெயர் பேரேட்டில் சிங்கள உச்சரிப்பில் எழுதியிருக்கிறது. ஐயாவும் அம்மாவும் கோயிலில் தாலி கட்டினவர்கள், எழுத்து எழுதியது 1968-இல்தான். அதனால் மூத்த மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற இடத்தில் "இல்லை" என்று கிடக்கிறது. இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி, கிராம சேவகர் கடிதம், சமாதான நீதவான் கையொப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள். ஆள் உயிரோடு இருக்கும்போது இந்தத் திருத்தங்களைச் செய்தால் பாதிப் பாடு இல்லை. பெர்மிட்டின் மூலப்பிரதி 1990-இல் வீட்டோடு எரிந்தது. 2006-இல் வெருகல் தாண்டி ஓடும்போது மிஞ்சியதில் பாதி நனைந்தது. ரசீதுகளை மட்டும் அம்மா யூரியாப் பையின் உள்ளுறையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். அதனால்தான் அவை இருக்கின்றன.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் 2018-இல். அலுவலக வாசலில் படிவம் நிரப்பித் தருகிற ஒருவர், உள்ளே ஆள் இருக்கிறது, மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். காப்பை அடகு வைத்து அறுபதாயிரம் கொடுத்தேன். ரசீது கேட்க வெட்கப்பட்டேன். நாலாவது மாதம் அவருடைய போன் வேலை செய்யவில்லை. உள்ளே விசாரித்தால் என் கோவையே, அதாவது பைலே, திறக்கப்படவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆசிரியர் சொல்லித்தான் தகவலறியும் உரிமைச் சட்டம் பற்றித் தெரிந்தது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம். என் கோவை எந்த நிலையில் இருக்கிறது, பேரேட்டின் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் கேட்டுக் கொடுத்தேன். பதினான்கு வேலைநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம். எனக்குப் பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. அறுபதாயிரத்துக்கு நடக்காத வேலை ஒரு தாளுக்கு நடந்தது. இன்னொன்று, எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முகம் சுழிப்பார்கள், பரவாயில்லை.

காணி பெயரில் இல்லாததால் வங்கியில் பயிர்க்கடனும் கிடைக்கவில்லை. 2021-இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது கடைக்காரரிடம் கடனுக்கு விதைநெல் வாங்கித்தான் விதைத்தேன். வழமையாக அறுபது மூட்டை காணும் வயலில் இருபத்திரண்டு. அந்த வருசம் விட்டுவிடலாம் என்று நினைத்ததை ஒளிக்கமாட்டேன். அண்ணாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியக்காவோடு போய் இருக்கலாம் என்று பெட்டியும் கட்டினேன். விதைப்புக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்துக்கு மட்டும் போய்விட்டு வருவோம் என்று போனேன், தண்ணீர் திறக்கும் திகதியைக் கேட்டதும் பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்ற அட்டவணை போய், ஆணோ பெண்ணோ மூத்தவர் முதல் என்று வந்தது. அம்மா முன்னமே இறந்ததால் எங்களுக்குப் பழைய அட்டவணையா புதியதா என்று கேட்டால், ஒரு மேசையில் ஒரு பதிலும் அடுத்த மேசையில் இன்னொரு பதிலும் சொன்னார்கள். ஆனால் பெரியண்ணா விலகினால் அடுத்தது பெரியக்காவாக இருக்கலாம், தனக்கு இல்லை என்ற செய்தி மூன்றாவது அண்ணாவின் காதுக்குப் போனது. கடைசித் தம்பி நடுவில் நின்று கதைத்தான். ஒன்றரை லட்சம் பேசி முடித்தோம். அண்ணா கையெழுத்துப் போட்டார், காசை எண்ணாமல் வாங்கி மேசைக்குள் போட்டார், தேத்தண்ணி குடியுங்கோ என்று அண்ணி சொன்னபோது "அவையளுக்கு நேரமில்லை" என்றார்.

விசாரணை 2023 ஆடியில் நடந்தது. காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்ன கடிதம், கூப்பிட்டது பின்னேரம் மூன்றரைக்கு. பத்து நிமிசத்தில் முடிந்தது. பெயரைப் பதிந்து முடித்ததும், "பின்னுரித்தாளர் ஒருவரைப் பிறகு வந்து நியமிக்கலாம் அக்கா" என்றார் அந்தக் கிளார்க் தம்பி. ஆறு வருசத்தில் அவருக்கும் முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. "பிறகு இல்லை, எப்ப வரவேணும் எண்டு திகதி சொல்லுங்கோ" என்றேன். எனக்குப் பிள்ளை இல்லை, கலியாணமும் செய்யவில்லை. பெரியக்காவின் மகளை எழுதினேன். நெல் அறுக்கும் மெசினுக்குப் பின்னால் நின்று மூட்டை எண்ணத் தெரிந்தவள். பதிந்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பச் சொல்லி, அவள் பெயரை எழுத்துக்கூட்டி இரண்டுமுறை வாசித்தேன்.

அந்தப் பெரும்போகத்து நெல்லைக் குத்தி, டவுன் அண்ணாவுக்கு ஒரு மூட்டை அரிசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். போன் எடுக்கவில்லை. மூட்டை திரும்பி வரவில்லை. அடுத்த வருசம், வெறும் சாக்கு மட்டும் கழுவி மடித்து அதே பஸ்ஸில் வந்தது.